வீட்டில் வளர்க்கும் செம்மறியின் மடியைச் சோதிக்கும் முறை

வட மாகாணத்திலே செம்மறியாடுகளைப் பெரும்பாலும் பட்டியாகவே வளர்ப்பர். பகலில் தரவையில் மேய்த்து, இரவில் எருவுக்காகத் தோட்டத்திலோ வயலிலோ அடைப்பது வழக்கம். ஆயினும், ஓரிரண்டு ஆடுகளை மாத்திரம் வீட்டு வளவிலே கட்டி, குழை ஒடித்துப் போட்டு, பிள்ளைகளைப் போலப் பெயர் சொல்லியழைத்து வளர்க்கும் குடும்பங்களும் பல உள. இத்துண்டுப்பிரசுரம் அத்தகைய குடும்பங்களுக்காகவே எழுதப்பட்டது. இதிற் கூறப்படும் முறைகளிற் பெரும்பாலானவை வெள்ளாடு வளர்ப்போருக்கும் பொருந்தும்.

வீட்டு ஆட்டின் வாயையும் குளம்பையும் பார்ப்பவர்கள் அதன் மடியைப் பார்ப்பது அரிது. பசுவைப் போல நாள்தோறும் கறப்பதில்லையாகையால், செம்மறியின் மடியில் யாருடைய கையும் படுவதில்லை. ஆகவே, அங்கு நோய் தோன்றினால் அது முற்றிய பின்னரே கண்ணிற் படுகின்றது.

ஒரு மாரி காலத்தில் நான் சென்று பார்த்த ஒரு வீட்டின் நிலைமையை இங்கு கூறுதல் தகும். இரண்டு குட்டிகளை ஈன்று மூன்று கிழமையான மறி ஒன்று ஒருநாள் மாலையிற் பின்காலைத் தாங்கி நடந்தது. குளம்பில் முள் ஏறியிருக்குமென்று எண்ணிய வீட்டார் காலைக் கழுவி மஞ்சள் பூசிவிட்டனர். மறுநாள் குட்டிகள் ஓயாது கத்தின. தாய் அவற்றை அண்டவிடவில்லை. மூன்றாம் நாட் காலையில் அது எழும்பாது கிடந்தபோதுதான் மடியைப் பார்த்தனர். ஒரு பாதி கருநீலமாகிக் குளிர்ந்து போயிருந்தது. கால்நடை வைத்தியரின் முயற்சியால் தாய் பிழைத்தது; ஆனால் மடியின் அப்பாதி அழுகி விழுந்தது. குட்டிகளில் ஒன்று பாலின்றி இறந்தது. முதல்நாள் மாலையில் ஒரு நிமிட நேரம் மடியைத் தொட்டுப் பார்த்திருந்தால் நோய் அப்போதே தெரிந்திருக்கும்.

1. மடியின் இயல்பு

செம்மறியின் மடி இரண்டு பாதிகளைக் கொண்டது. ஒவ்வொரு பாதிக்கும் ஒரு முலைக்காம்பு உண்டு. பாதிகளிரண்டும் ஒன்றோடொன்று ஒட்டியிருப்பினும், ஒன்றின் பால் மற்றதனுட் செல்லாது. ஆகையால் ஒரு பாதி நோயுற்றிருக்க மற்றது நலமாயிருத்தல் கூடும். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பதே சோதனையின் அடிப்படை.

காம்பின் நுனியில் ஒடுங்கிய துவாரமொன்று உண்டு. நோய்க் கிருமிகள் பெரும்பாலும் அவ்வழியாகவே மடிக்குட் புகுகின்றன. குட்டி குடித்தபின் அல்லது பால் கறந்தபின் அத்துவாரம் முற்றாக மூடுவதற்கு ஏறக்குறைய அரை மணித்தியாலம் செல்லும். அந்நேரத்தில் ஆடு சாணமும் சிறுநீரும் கலந்த சேற்றிற் படுக்குமாயின் கிருமிகளுக்கு வாயில் திறந்து விட்டதாகவே முடியும். பால் வற்றிய காலத்தில் துவாரத்தினுள் மெழுகு போன்ற அடைப்பு உண்டாகி மடியைக் காக்கின்றது. அதனைப் பிதுக்கி எடுத்தல் கூடாது.

புதிதாகச் சோதிப்போர் நோயென மயங்கக்கூடிய இயல்பான அடையாளங்கள் இரண்டு உள. ஒன்று, மடிக்கும் தொடைக்கும் இடையேயுள்ள தோற்பையிற் காணப்படும் மஞ்சள் கலந்த கபில நிற மெழுகு. இது செம்மறிக்கு இயற்கையாக உண்டாவது, சீழன்று. மற்றது, மடியின் பின்புற மேற்பகுதியில் தோலின்கீழ் விரலுக்கு அகப்பட்டு நழுவும் சிறிய முடிச்சு. இது நிணநீர் முடிச்சு. இருபக்கமும் ஒத்த அளவினதாயும் நோவற்றதாயுமிருந்தால் அஞ்சவேண்டியதில்லை. ஒருபக்க முடிச்சு மாத்திரம் பருத்திருந்தால் அப்பக்க மடியைக் கவனமாகச் சோதியுங்கள்.

2. மடிவீக்கம் உண்டாகும் விதம்

முலையழற்சி எனப்படும் மடிவீக்கத்தைப் பல கிருமிகள் உண்டாக்குகின்றன. செம்மறியில் மிகக் கொடிய நோயை விளைப்பவை ஸ்ரபிலோகொக்கசு ஓரியசு என்பதும் மன்ஹைமியா என்பதுமாகும். முன்னையது தோலிலும் புண்களிலும் வாழ்வது. பின்னையது குட்டிகளின் வாயிலும் தொண்டையிலும் இருப்பது. பாலருந்தும்போது காம்பை அடைவது. ஆகவே கொட்டில் துப்புரவாயிருந்தாலும் நோய் வரவே மாட்டாதென எண்ணியிருத்தல் தவறு.

காம்பிற் காயம் உண்டாயின் நோய் எளிதிற் பற்றும். முள்ளுக்கம்பி, முள்வேலி, பசியால் வலிந்து இழுக்கும் குட்டிகளின் பல் ஆகியனவே காயத்திற்குப் பெருங் காரணங்கள். இரண்டு மூன்று குட்டிகளை ஈன்ற தாய்க்குத் தீன் போதாதிருந்தால் பால் குறையும்; பால் குறையக் குட்டிகள் காம்பைக் கடித்திழுக்கும்; காம்பு புண்ணாகும்; நோவினாற் குட்டியை அண்டவிடாதபோது பால் மடியிலே தேங்கும்; தேங்கிய பாலிற் கிருமி பெருகும். இவ்வாறு தீன் குறைவே மடிவீக்கத்தில் வந்து முடிதல் உண்டு.

குட்டி ஈன்று முதல் ஆறு கிழமைகளும், பால் மறக்கச் செய்த பின் வரும் சில நாட்களும் கூடிய ஆபத்துள்ள காலங்களாகும்.

3. எப்பொழுது சோதித்தல் வேண்டும்?

(அ) கிடாயுடன் சேர்ப்பதற்கு ஒரு மாதம் முன்பு. மடியிற் பழைய கட்டிகள் உளவோவென அறிதற்கு இதுவே உகந்த காலம்.

(ஆ) குட்டி ஈனுவதற்கு இரண்டு கிழமை முன்பு. செம்மறியின் சினைக்காலம் ஏறக்குறைய 147 நாட்கள். இக்காலத்தில் மடியைப் பார்க்கவும் தடவவும் மாத்திரமே செய்க, பாலைப் பிதுக்கவேண்டாம்.

(இ) குட்டி ஈன்ற அன்றே. இரு காம்புகளிலும் பால் வருகின்றதாவென அறிதல் வேண்டும்.

(ஈ) அதன்பின் ஆறு கிழமை வரை, கிழமைக்கு இருமுறை.

(உ) பால் மறக்கச் செய்தபின் முதற் கிழமையில் நாள்தோறும் கண்ணாற் பார்த்தல். மூன்று அல்லது நான்கு கிழமையின் பின் கையாற் சோதித்தல்.

இவையன்றி, ஆடு நொண்டினாலும், தீனை வெறுத்தாலும், குட்டி ஓயாது கத்தினாலும் முதலிற் பார்க்கவேண்டியது மடியே.

4. சோதிக்கும் முறை

காலையில், ஆட்டை மேயவிடுமுன் சோதிப்பது நன்று. உங்கள் கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவி, நகங்களை வெட்டிக் கொள்ளுங்கள். வீட்டிற் பழகிய ஆடாகையால் ஒரு பிடி குழையைக் காட்டினால் அமைதியாக நிற்கும். ஒருவர் அதனைச் சுவரோரமாக நிறுத்தி, தாடையின்கீழ்க் கைகொடுத்துப் பிடிக்க, மற்றவர் பின்னிருந்து சோதிக்கலாம். சினை முதிர்ந்த ஆட்டைப் புரட்டிக் கிடத்தலாகாது.

முதலாவது, தூரத்தில் நின்று பார்த்தல். ஆடு பின்கால்களை அகட்டி நடக்கின்றதா, ஒருகாலை இழுக்கின்றதா எனக் கவனியுங்கள். குட்டிகளையும் பாருங்கள். வயிறு நிரம்பிய குட்டி குடித்தபின் படுத்துறங்கும். பசித்த குட்டி முதுகைக் கூனி, வயிறு ஒட்டி, காம்பைவிட்டுக் காம்பு தாவிக் கத்திக்கொண்டே நிற்கும். தாயின் மடி நோயை முதலில் அறிவிப்பது பெரும்பாலும் குட்டியே.

இரண்டாவது, பின்புறமாக நின்று மடியைப் பார்த்தல். இரு பாதிகளும் ஒத்த அளவினவா? தோலிற் சிவப்போ கருமையோ உண்டா? காம்பில் வெடிப்பு, புண், பொருக்கு உண்டா? குட்டி ஒருபக்கத்தையே விரும்பிக் குடிப்பதாலும் அளவு சிறிது வேறுபடலாம். ஆகவே அளவை மாத்திரம் கொண்டு முடிவு செய்யலாகாது.

மூன்றாவது, வெப்பத்தை அறிதல். புறங்கையை முதலில் ஒரு பாதியிலும் பின்னர் மற்றதிலும் வையுங்கள். நலமான மடி இளஞ்சூடாக இருக்கும். ஒருபக்கம் கொதிப்பது அழற்சியின் அடையாளம். ஒருபக்கம் குளிர்ந்திருப்பது அதனினும் கொடிய அடையாளம்.

நான்காவது, தடவிப் பார்த்தல். இரு உள்ளங்கைகளுக்குமிடையே ஒவ்வொரு பாதியையும் ஏந்தி, மேலிருந்து கீழாக மெல்ல அழுத்திக்கொண்டு வாருங்கள். நலமான மடி பால் நிறைந்திருக்கையில் இறுக்கமாகவும், குட்டி குடித்தபின் தொய்ந்து மென்மையாகவும் இருக்கும். ஆகையாற் குட்டி குடித்தபின்னரும் ஒருமுறை தொட்டுப் பார்த்தல் நலம். பால் போனபின்னும் கல்லைப்போல் இருக்கும் இடம், பாக்களவிலோ எலுமிச்சையளவிலோ உள்ள கட்டி, தொட்டவுடன் ஆடு துள்ளும் இடம் ஆகியவற்றைக் குறித்துக் கொள்ளுங்கள்.

ஐந்தாவது, காம்பை உருட்டிப் பார்த்தல். பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே மெல்ல உருட்டினால் உள்ளே கயிறு போன்ற தடிப்பு உண்டாவென அறியலாம்.

ஆறாவது, பாலைப் பார்த்தல். பால் கொடுக்கும் ஆட்டிற்கு மாத்திரமே இதனைச் செய்க. ஒவ்வொரு காம்பிலுமிருந்து இரண்டு மூன்று பீர்களைக் கருமையான கிண்ணத்திற் பீய்ச்சுங்கள். நன்கு துலக்கிய முற்றிய சிரட்டையும் போதும். கரிய பரப்பிலே திரளும் தும்பும் தெளிவாகத் தெரியும். நிலத்திலோ உள்ளங்கையிலோ பீய்ச்சலாகாது; நோய் அதனாற் பரவும். நலமான பால் ஒரே சீராக வெண்மையாயிருக்கும். ஈன்ற முதல் நாட்களிலே கடும்பு தடித்து மஞ்சளாக இருத்தல் இயல்பே. திரள், தண்ணீர்த் தன்மை, இரத்தம், சீழ், துர்நாற்றம் ஆகிய எதுவும் நோயின் அறிகுறியாகும்.

5. கண்ணுக்குத் தெரியாத மடிவீக்கம்

மடியும் பாலும் நலமாகத் தோன்றியும், குட்டிகள் மெலிந்து போதல் உண்டு. இது மறைந்த மடிவீக்கமாயிருக்கலாம். இதனை அறியும் எளிய சோதனையை 1957 ஆம் ஆண்டில் ஷாம், நூர்லாண்டர் என்போர் கலிபோர்னியாவில் வெளியிட்டனர். பாலுடன் சம அளவான சோதனைக் கரைசலைத் தட்டிலே விட்டுச் சுழற்றும்போது, நோயுற்ற பாலிலுள்ள உயிரணுக்களின் மிகுதியால் அது தடித்துக் கூழாகும். கால்நடை வைத்திய அலுவலகத்தில் இச்சோதனையைச் செய்விக்கலாம்.

வீட்டிலே ஒரு முன்சோதனை செய்ய விரும்புவோர், சலவைத்தூளை 100 பங்கு நீருக்கு 3 பங்காகக் கரைத்து, அதனையும் பாலையும் சம அளவாகச் சேர்த்து அரை நிமிடம் சுழற்றிப் பார்க்கலாம். ஒருபக்கப் பால் நீராயிருக்க மறுபக்கப் பால் தடித்தால் ஐயம் கொள்ளத் தகும். இதனைக்கொண்டு மருந்திடத் துணியலாகாது. வெள்ளாட்டுப் பாலில் உயிரணுக்கள் இயல்பாகவே மிகுதியாதலால் சிறு தடிப்பை நோயெனக் கொள்ளவேண்டாம். கடும்புக் காலத்திலும் பால் வற்றுங் காலத்திலும் இச்சோதனை பிழையான முடிவைக் காட்டும். சோதித்த பாலை உடனே கொட்டிவிடுக.

6. கண்டதன் பொருளும் செய்யவேண்டியதும்

ஈனுவதற்குச் சில நாட்கள் முன்பு இரு பாதிகளும் ஒன்றுபோல வீங்கி, நோவின்றி, விரலால் அழுத்தினாற் குழிவிழுமாயின் அது பெரும்பாலும் ஈற்றுக்கால நீர்க்கோவையே. ஆடு நன்கு தின்று நடக்குமாயின் பொறுத்துப் பார்க்கலாம்.

ஒருபாதி சூடாகி, வீங்கி, நோவுடன் பாலுந் திரிந்திருந்தால் அது மடிவீக்கம். உடல் வெப்பத்தையும் அளந்து பாருங்கள். செம்மறியின் இயல்பான வெப்பம் ஏறக்குறைய 39 முதல் 40 பாகை செல்சியசு. நிழலில் ஆறியிருக்கும் ஆட்டில் 40 பாகைக்கு மேற்பட்டிருந்தாற் காய்ச்சல் எனக் கொள்க. அன்றே கால்நடை வைத்தியருக்கு அறிவித்தல் வேண்டும். அவர் வரும்வரை ஆட்டை நிழலிற் பிரித்துக் கட்டி, நீர் கொடுத்து, நோயுற்ற பாதியிலுள்ள பாலைச் சில மணித்தியாலத்துக்கொருமுறை மெல்லக் கறந்தெடுத்து, கொட்டிலுக்குத் தூரத்திற் புதைத்துவிடுங்கள். நோயுற்ற ஆட்டை எப்பொழுதும் இறுதியிலேயே கையாண்டு, பின்னர் கைகழுவுக.

ஒருபாதி குளிர்ந்து, நீலம் அல்லது கருமை பூத்து, சிவந்த நீர் வடியுமாயின் அது அழுகும் மடிவீக்கம். ஒன்றிரண்டு நாட்களில் ஆடு இறந்துவிடக்கூடும். இதற்குக் காலை மாலை பார்ப்பதில்லை. அந்நேரமே வைத்தியரை நாடுங்கள்.

காய்ச்சலின்றி, பழைய கட்டிகள் மாத்திரம் இருந்தால் அவை முன்வந்த நோயின் தழும்பாகலாம். மறுபடியும் கிடாயுடன் சேர்க்குமுன் வைத்தியரின் ஆலோசனையைப் பெறுக. முதிய ஆட்டிலே நாளுக்குநாள் பருக்கும் கட்டியையும் அவருக்குக் காட்டுதல் வேண்டும்.

காம்பிலும் குட்டியின் வாயோரத்திலும் ஒருங்கே பொருக்குப் புண்கள் காணப்பட்டால், அது மனிதரின் கைகளுக்கும் தொற்றும் புண் நோயாயிருக்கலாம். கையுறையின்றித் தொடாதீர்கள், பிள்ளைகளைத் தொட விடாதீர்கள்.

7. செய்யத்தகாதன

காம்பு அடைத்துவிட்டதென்று ஈர்க்கையோ கோழியிறகையோ உள்ளே செலுத்துவோர் உளர். இதனால் துவாரத்தின் மென்தோல் கிழிந்து, கிருமிகள் நேரே மடியை அடையும். இதனை ஒருபோதும் செய்யாதீர்கள்.

மாட்டுக்கென வாங்கிய மருந்துக் குழாயை ஆட்டின் காம்பிற் செலுத்தலாகாது. அதன் மூக்கு ஆட்டின் காம்புக்குப் பெரிது. மருந்தின் அளவும் வேறு. அயலவர் வீட்டில் மிஞ்சிய ஊசிமருந்தை இடுவதும், இரண்டு நாளிற் குணங்கண்டவுடன் மருந்தை நிறுத்துவதும் தவறு. கிருமிகள் மருந்துக்கு அடங்காதனவாகிப் பின்வரும் நோயைத் தீர்க்க இயலாது போகும். மருந்திட்ட ஆட்டின் பாலையும் இறைச்சியையும் எத்தனை நாட்களுக்கு விலக்கவேண்டுமென வைத்தியரிடம் கேட்டறிந்து அவ்வாறே நடவுங்கள்.

சாம்பல், சாணம், சுண்ணாம்பு முதலியவற்றை மடியிற் பூசுவதால் நோய் தீராது. வைத்தியரை அழைக்கவேண்டிய நேரமே வீணாகும்.

8. குட்டிகளைக் காத்தல்

தாயின் மடி நோயுற்றால் குட்டியின் உயிரும் ஆபத்திலுள்ளது என்பதை மறவாதீர்கள். 2 கிலோ நிறையுள்ள குட்டிக்கு, பிறந்து முதல் இரண்டு மணித்தியாலத்திற்குள் ஏறக்குறைய 100 மில்லிலீற்றரும், முதல் 24 மணித்தியாலத்தில் மொத்தம் 400 மில்லிலீற்றரும் கடும்பு கிடைத்தல் வேண்டும். தாயிடம் இல்லையாயின் அண்மையில் ஈன்ற வேறொரு நலமான செம்மறியின் அல்லது வெள்ளாட்டின் கடும்பைப் பெற்று ஊட்டுங்கள். பின்னர், காய்ச்சி இளஞ்சூடாக ஆற்றிய ஆட்டுப்பாலை நாளொன்றுக்கு நான்கு அல்லது ஐந்து தடவை சிறிது சிறிதாகக் கொடுக்கலாம். குட்டியை நிறுத்தி, தலையைச் சற்றே உயர்த்திப் போத்தலினால் ஊட்டுக. மல்லாக்கக் கிடத்திப் பருக்கினாற் பால் சுவாசப்பையுட் செல்லும். கடும்பும் பாலும் தருவதற்கெனத் தெரிந்தெடுக்கும் ஆடு நோயற்றதாயிருத்தல் வேண்டும்.

9. வருமுன் காத்தல்

கொட்டிலின் நிலத்தை மேடாக்கி, மாரியில் நீர் தேங்காதவாறு வடிகால் வெட்டுங்கள். ஈரமான மணலையும் கூளத்தையும் அகற்றி உலர்ந்தவற்றைப் பரப்புங்கள். வேலியிலே தாழத் தொங்கும் முள்ளுக்கம்பிகளை அகற்றுங்கள்.

பால் கறந்தபின் உடனே குழையை முன்னே கட்டிவிடுங்கள். ஆடு நின்று தின்னும் நேரத்திற் காம்பின் துவாரம் மூடிக்கொள்ளும். இரண்டு குட்டிகளுள்ள தாய்க்குப் பூவரசு, சீமைக்கிளுவை போன்ற குழைகளுடன் சிறிது பிண்ணாக்கும் தவிடும் கொடுங்கள். குட்டிகளைப் பால் மறக்கச் செய்வதற்குச் சில நாட்கள் முன்பே பிண்ணாக்கையும் தவிட்டையும் நிறுத்தி, உலர்ந்த புல்லைக் கொடுத்தாற் பால் தானாகக் குறையும். நீரை நிறுத்தலாகாது, நம் நாட்டு வெயிலில் அது கொடுமை. பிரித்தபின் மடி இறுகியிருப்பதைக் கண்டு இரங்கி அடிக்கடி கறந்தால், பால் வற்றாது ஊறிக்கொண்டேயிருக்கும். சூடும் நோவும் இல்லையாயின் அப்படியே விட்டுவிடுக.

ஒரு சிறு கொப்பியில் ஈன்ற நாள், சோதித்த நாள், மடியின் இடப்பாதி, வலப்பாதி ஆகியவற்றின் நிலைமை என்பவற்றை எழுதி வையுங்கள். வைத்தியர் வரும்போது அக்கொப்பி அவருக்குப் பேருதவியாகும்.

ஒருபாதியை இழந்த மறி, மறுபாதி நலமாயிருப்பின் ஒரு குட்டியை வளர்க்கவல்லது. இரண்டு ஈன்றால் ஒன்றுக்குப் போத்தற்பால் வேண்டும். இரு பாதிகளும் கெட்ட மறியைப் பட்டி வளர்ப்போர் கழித்துவிடுவர். வீட்டிற் பிள்ளைபோல் வளர்த்ததை விற்க மனமில்லாதவர்கள் அதனைத் தாராளமாக வைத்திருக்கலாம். ஆனாற் கிடாயுடன் சேர்க்கவேண்டாம். பாலில்லாத தாய்க்குக் குட்டி பிறப்பது தாய்க்கும் துன்பம், குட்டிக்கும் துன்பம்.

நினைவிற் கொள்ளவேண்டியவை

மடியின் இரு பாதிகளையும் எப்பொழுதும் ஒப்பிட்டுப் பாருங்கள். நொண்டும் தாய்க்குக் குளம்புடன் மடியையும் சோதியுங்கள். கத்தும் குட்டியைக் கண்டால் தாயின் மடியைத் தொட்டுப் பாருங்கள். சூடான மடிக்கு அன்றே வைத்தியர். குளிர்ந்து கறுத்த மடிக்கு அக்கணமே வைத்தியர். பாலைக் காய்ச்சியே அருந்துங்கள்.

இச்சோதனைக்குப் பணச்செலவில்லை; கிழமையில் இருமுறை சில நிமிடங்களே போதும். இன்று மாலை ஆட்டுக்குக் குழை கட்டும்போதே உங்கள் கையை ஒருமுறை அதன் மடியில் வைத்துப் பழகுங்கள். நலமான மடியின் தன்மையை அறிந்த கைக்கே நோயுற்ற மடி வேறாகத் தோன்றும்.